ஒரே ஊசி, ஒரே ஆஸ்பத்திரி. எங்கள் ஊரில் மட்டும் ஏன்?

கேள்வி: மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன வருடம் எங்கள் ஊராட்சியில் மூன்று கைக்குழந்தைகள் இறந்துவிட்டன. ஒன்று பிறந்த அன்றே. ஒன்று என் நாத்தனாரின் தலைச்சன் பிள்ளை, 1.9 கிலோ இருந்தது, நாலாம் நாள் போய்விட்டது. மூன்றாவது ஏழு மாதக் குழந்தை, வயிற்றுப்போக்கு. மூன்றுமே ஆஸ்பத்திரியில் பிறந்தவை. பேப்பரைப் பார்த்தால் சிசு மரணத்தைக் குறைத்ததில் தமிழ்நாடு முன்னணி என்கிறார்கள், கீழே டவுனிலும் யார் வீட்டிலும் இப்படிக் கேள்விப்படவில்லை. ஊரில் என் நாத்தனாரைத்தான் குறை சொல்கிறார்கள், கிரகணத்தன்று வெளியே வந்தாள், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று. அவளுக்கு வயது 19, மாப்பிள்ளை சொந்தம்தான். ஒரே அரசு, ஒரே ஊசி, ஒரே ஆஸ்பத்திரி என்னும்போது இடத்துக்கு இடம் ஏன் வித்தியாசப்படுகிறது? அடுத்த குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும்? கழுதைப்பால் கொடுத்தால் சீக்கு அண்டாது என்று என் மாமியார் சொல்கிறார், கொடுக்கலாமா? பெயரும் ஊரும் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் கிரகணத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நாத்தனார் இந்த நேரத்தில் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருப்பார். கிரகணம் உங்கள் ஊருக்கும் கீழே டவுனுக்கும் ஒரே நேரத்தில்தான் பிடிக்கிறது. அங்கேயும் அன்றைக்குக் கர்ப்பிணிகள் இருந்தார்கள், அவர்களில் பலர் வேலைக்குப் போயிருப்பார்கள், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பார்கள். கிரகணம் பிள்ளையைக் கொல்லும் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கொன்றிருக்க வேண்டும். டாக்டர் எழுதியிருக்கிறார் என்று காட்டி, இதை அவரிடம் படித்துச் சொல்லுங்கள். குறை சொல்கிறவர்களிடமும் சொல்லலாம். அவர்கள் கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

இனி உங்கள் பெரிய கேள்வி. சிசு மரண விகிதம் என்பது உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் போகிறவை எத்தனை என்ற கணக்கு. மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 2020இல் இந்தியா முழுவதற்கும் அது 28. மத்தியப் பிரதேசத்தில் 43, தமிழ்நாட்டில் 13, கேரளாவில் 6. அதே வருடம் நாட்டின் கிராமங்களில் 31, நகரங்களில் 19. ஆக, பேப்பர் சொல்வது பொய்யில்லை. ஆனால் 13 என்பது சென்னை அண்ணா நகரையும் உங்கள் மலையடிவாரத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி எடுத்த எண். ஓர் எண்ணுக்குள் எத்தனை ஊர் ஒளிந்திருக்கும் என்பது முப்பது வருடம் இந்த வேலை பார்த்த எனக்கே சில சமயம் மறந்துபோகும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் தேவையில்லாமல் பயந்துபோவீர்கள். உங்கள் ஊராட்சியில் வருடத்துக்கு ஐம்பது அறுபது பிரசவம் நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று இறப்பு என்றால் விகிதம் 50க்கு மேல் போய்விடும், மத்தியப் பிரதேசத்தையே மிஞ்சிவிடும். அடுத்த வருடம் ஒன்றுமே நடக்காவிட்டால் விகிதம் பூஜ்யம், அதாவது ஜப்பானைவிட நல்ல ஊர்! சின்ன ஊரில் ஒரு வருடக் கணக்கு இப்படித்தான் குதிக்கும். ஐந்து வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஊரைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். அதற்காக இந்த மூன்றையும் தற்செயல் என்று தள்ளிவிடச் சொல்லவில்லை. ஒவ்வோர் இறப்புக்கும் ஒரு கதை இருக்கிறது, அதைக் கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நான் சிசு மரணத் தணிக்கைக்கு, அதாவது பிள்ளை இறந்ததைப் பற்றிய அரசு விசாரணைக்குப் போகும் வீடுகளில் எதனால் இறந்தது என்று ஆரம்பிப்பதில்லை. அதைக் கேட்டால் ஜன்னி, தோஷம், மூச்சு முட்டல், அவன் எழுதினது அவ்வளவுதான் என்று ஏதோ ஒன்று வரும். நான் முதலில் கேட்பது எத்தனையாவது நாள் என்று. அது தெரிந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். பிறந்த அன்றே என்றால் பிரசவம் நடந்த விதத்தையும், அங்கே போய்ச்சேர ஆன நேரத்தையும் பார்க்க வேண்டும். முதல் வாரம், முதல் மாதம் என்றால் தாயின் உடம்பையும் பிள்ளையின் எடையையும் பார்க்க வேண்டும். ஒரு மாதம் தாண்டி இறந்தால் வீட்டையும் தெருவையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் அன்றே ஒன்று, நாலாம் நாள் ஒன்று, ஏழாம் மாதம் ஒன்று. கேள்விப்பட்டதும் எனக்குத் தோன்றியது இதுதான்: மூன்றும் வேறு வேறு சாவு. டவுனுக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் மூன்று தனித்தனிப் பள்ளங்கள் இருக்கின்றன.

ஏழு மாதக் குழந்தையிலிருந்து தொடங்குகிறேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை ஊர்த் தண்ணீரைத் தொடுவதில்லை. ஆறாம் மாதம் கஞ்சி, சத்துமாவு, கிண்ணம், ஸ்பூன் என்று வந்ததும் ஊர்த் தண்ணீர் உள்ளே போகிறது. அந்தத் தாய் தண்ணீரைக் காய்ச்சாமல் இருந்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இங்கே ஒரு விஷயம் கேளுங்கள். இந்தியாவில் ஆய்வாளர்களைப் பல வருடம் குழப்பிய ஒரு புதிர் இருந்தது. இந்துக் குடும்பங்களைவிட முஸ்லிம் குடும்பங்கள் சராசரியாக ஏழைகள், அந்தத் தாய்மார்களின் படிப்பும் குறைவு, ஆனாலும் அவர்கள் குழந்தைகள் கூடுதலாகப் பிழைக்கின்றன. ஏன்? மைக்கேல் கெருசோ, டீன் ஸ்பியர்ஸ் என்ற இருவர் 2018இல் ஒரு பதிலை வெளியிட்டார்கள்: முஸ்லிம் குடும்பங்கள் கழிப்பறையைக் கூடுதலாகப் பயன்படுத்துகின்றன, அக்கம்பக்கத்து வீடுகளும் பெரும்பாலும் முஸ்லிம் வீடுகள் என்பதால் அங்கேயும் கழிப்பறை புழங்குகிறது. அதாவது உங்கள் வீட்டில் கழிப்பறை இருப்பதோடு, பக்கத்து வீட்டுக்காரர் எங்கே போகிறார் என்பதும் உங்கள் குழந்தையின் உயிரைத் தீர்மானிக்கிறது. இதற்கு எந்தத் தாயைக் குறை சொல்வது? தாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஈ அடுத்த வீட்டிலிருந்துதான் வருகிறது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2016இலிருந்து இந்தியாவில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது, நல்ல விஷயம், ஆனால் அது வயிற்றுப்போக்கின் ஒரு கிருமிக்கு மட்டும்தான். ஒரே ஊசி, ஒரே ஆஸ்பத்திரி என்று எழுதினீர்களே, ஊசி ஒன்றுதான், அது போய் விழுகிற மண் வேறு.

அப்புறம் உங்கள் நாத்தனாரின் குழந்தை. இதில்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு இந்தியாவின் சிசு மரணத்தில் பெரும் பங்கு இந்த வகைதான். 2020இல் இந்தியாவின் 28இல் 20 இறப்புகள் முதல் 28 நாளுக்குள் நடந்தவை, அதிலும் 15 முதல் ஏழு நாளுக்குள். தட்டம்மை, வயிற்றுப்போக்கு, நிமோனியா எல்லாம் தடுப்பூசியாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலாலும் குறையக் குறைய, மிச்சம் நிற்பது முதல் வாரச் சாவு. இதைக் குறைப்பது கஷ்டம், ஏனென்றால் இதன் காரணங்கள் குழந்தைக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகின்றன.

1.9 கிலோ என்ற எடை பிரசவ அறையில் முடிவானது இல்லை. அந்தப் பெண் பத்து வயதில் என்ன சாப்பிட்டாள், வயதுக்கு வந்தபோது ரத்தம் எவ்வளவு இருந்தது, எத்தனை வயதில் கல்யாணம், வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், கர்ப்பத்தில் எத்தனை குடம் தூக்கினாள், எந்த அடுப்பில் ஊதினாள் என்பதெல்லாம் சேர்ந்து எழுதிய எடை அது. விறகுப் புகை குழந்தையின் எடையைக் குறைக்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை, சிகரெட் என்றால் மட்டும் நம்புகிறார்கள். தமிழ்நாட்டிலேயே கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை சாப்பிடவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள் என்றீர்கள். இருக்கலாம். ஏன் சாப்பிடவில்லை என்று யாராவது கேட்டார்களா? அந்த இரும்பு மாத்திரை குமட்டும், மலம் கறுத்துப்போகும், வெறும் வயிற்றில் போட்டால் வயிறு எரியும். இதற்கு மேல், நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிரமமாகிவிடும் என்று பெரியவர்களே தட்டில் சோற்றைக் குறைக்கிற வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண் மாமியார் வீட்டில் இன்னொரு கரண்டி கேட்பாளா? நீங்களே சொல்லுங்கள்.

பிறந்த பிறகும் ஒன்று இருக்கிறது. எடை குறைந்த பிள்ளைக்கு முதல் எதிரி குளிர். மலையடிவாரத்தில் இரவில் எவ்வளவு குளிரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றித் தனியாகத் தொட்டிலில் போடாமல், தாயின் வெறும் மார்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். கங்காரு பராமரிப்பு என்று சொல்வார்கள், 1970களின் கடைசியில் கொலம்பியாவில் இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. காசு செலவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் நம் ஊரில் என்ன நடக்கிறது? குளிப்பாட்டி, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு, சேனை தொட்டு வைத்து, சாம்பிராணிப் புகை போட்டு, பார்க்க வருகிறவர்கள் கையெல்லாம் மாறி, பிறகுதான் தாய் மார்புக்கு வருகிறது. இரண்டே முக்கால் கிலோ பிள்ளை இதையெல்லாம் தாங்கிவிடும், அதனால்தான் எங்கள் காலத்தில் எல்லாம் இப்படித்தான் வளர்த்தோம் என்று பாட்டிமார்களால் சொல்ல முடிகிறது. தாங்காத பிள்ளைகள் சாட்சி சொல்ல வருவதில்லை.

மகாராஷ்டிராவில் கட்சிரோலி என்று ஒரு காட்டு மாவட்டம். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1990களில் அங்கே 39 கிராமங்களில் ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள், அந்த ஊர்ப் பெண்ணேதான், டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. பிறந்த பிள்ளையை எடை போட, சூடாக வைத்திருக்க, கிருமித்தொற்றின் அறிகுறியைக் கண்டுபிடிக்க, தேவைப்பட்டால் ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள். 1999இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: முதல் மாத இறப்பு, இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால் 62 சதவீதம் குறைந்திருந்தது. அந்த மாவட்டத்தில் வறுமை மாறவில்லை, ரோடு மாறவில்லை. நாலாம் நாள் பிள்ளை பால் குடிக்காமல் துவண்டபோது அதைக் கவனித்து, இது ஆபத்து என்று சொல்ல ஊருக்குள் ஓர் ஆள் இருந்தாள், அது மட்டும்தான் மாறியது. இன்று நாடு முழுவதும் ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து பச்சிளம் குழந்தையைப் பார்ப்பதற்கு இந்த வேலைதான் முன்மாதிரி. தமிழ்நாட்டில் ஆஷா பெரும்பாலும் மலைப்பகுதிகளில் மட்டும்தான். உங்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறாரா, இருந்தால் உங்கள் நாத்தனார் வீட்டுக்கு அந்த நாலு நாளில் வந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் பெண் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ இடம் மாறிவிடுகிறாள், இந்த ஊர் நர்சம்மா அங்கே போய்விட்டாள் என்று நினைக்க, அந்த ஊர் நர்சம்மாவுக்கு வந்ததே தெரியாது. கர்ப்பத்தைப் பதிந்ததும் கொடுக்கிற பிக்மி எண் வந்த பிறகு இது எவ்வளவோ குறைந்திருக்கிறது, ஆனாலும் நான் தணிக்கைக்குப் போன வீடுகளில் இந்த ஓட்டையில் விழுந்த பிள்ளைகள் உண்டு.

பிறந்த அன்றே இறந்த குழந்தையைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தது என்பது சரி, எந்த ஆஸ்பத்திரியில், வலி எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து? இப்படியும் நடந்திருக்கலாம்: மலையிலிருந்து ஜீப் வருகிற இடம் வரை நடை, அங்கிருந்து 108, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு மேலே அனுப்பினார்கள், அங்கே போனால் ரத்தம் இல்லை என்று இன்னும் மேலே. பதிவேட்டில் இதுவும் ஆஸ்பத்திரிப் பிரசவம், டவுனில் ஆட்டோவில் பத்து நிமிடத்தில் வந்திறங்கியதும் ஆஸ்பத்திரிப் பிரசவம். தமிழ்நாட்டில் இப்போது கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம், பெருமைதான், அதற்காக நானும் அலைந்திருக்கிறேன். ஆனால் அந்த எண் வழியில் போன நேரத்தைக் கணக்கெடுப்பதில்லை.

உங்கள் ஊரைப் போலவே, நல்ல பெயர் எடுத்த மாநிலத்துக்குள் மாட்டிக்கொண்ட ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி, பாலக்காடு மாவட்டம். இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடி மக்கள். கேரளாவின் சிசு மரண விகிதத்தைப் பார்த்து உலகமே வியந்துகொண்டிருந்தபோது, 2013இல் அங்கே பழங்குடிக் குழந்தைகள் சில மாதங்களுக்குள் வரிசையாக இறந்தது செய்தியாகி நாடு முழுக்கப் பேச்சானது. பெரும்பாலும் எடை குறைந்த பிள்ளைகள், ரத்தசோகைத் தாய்மார்கள். ஆஸ்பத்திரியே இல்லாத இடம் இல்லை அது, அரசு பணம் கொட்டாத இடமும் இல்லை. பின்னே என்ன? 1951இல் அங்கே பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர், 2011 கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்கும் குறைவு. மேற்கே மலையாளப் பக்கத்திலிருந்தும் கிழக்கே நம் பக்கத்திலிருந்தும் குடியேறியவர்களிடம் நிலம் கைமாறிவிட்டது. ராகி, சாமை, துவரை, கீரை என்று ஒரே கொல்லையில் கலந்து விதைத்துச் சாப்பிட்டவர்கள் கூலிக்கும் ரேஷன் அரிசிக்கும் வந்தார்கள். தட்டில் சோறு இருந்தது, சத்து இல்லை. மதுவிலக்கு அறிவித்த பகுதியில் சாராயமும் ஓடியது. இதோடு, ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தநோயும் சேர்ந்துகொண்டது. 2013க்குப் பிறகு ஊருக்கு ஊர் சமுதாய சமையலறை திறந்தார்கள், கோட்டத்துறையில் இருக்கிற பழங்குடியினர் ஆஸ்பத்திரியை வலுப்படுத்தினார்கள், சிறுதானியத்தைத் திரும்ப விதைக்க வைத்தார்கள். நிலைமை தேறியது, ஆனால் இறப்புகள் முழுசாக நின்றுவிடவில்லை. கைமாறிய நிலம் திரும்பி வராதபோது சமையலறையை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பது என் சந்தேகம். அங்கேயும் முதலில் கிளம்பிய பேச்சு என்ன தெரியுமா? தாய்மார்கள் கொடுத்ததைச் சாப்பிடுவதில்லை, குடிக்கிறார்கள் என்பதுதான். உங்கள் நாத்தனார் மட்டும் தனியாக இல்லை.

இலங்கை மலையகத்திலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், வீடு தேடி வரும் குடும்பநல மாது என்று இலங்கை மற்ற ஏழை நாடுகளுக்கெல்லாம் பாடம் எடுத்த காலத்தில், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் அறைகளில் பிள்ளைகள் நாட்டின் மற்ற இடங்களைவிட அதிகமாகச் செத்துக்கொண்டிருந்தன. 1948இல் குடியுரிமையே பறிபோன மக்கள் அவர்கள், அரசின் சுகாதார ஏற்பாடு தோட்டத்து கேட்டோடு நின்றது. 1973, 74 உணவுத் தட்டுப்பாடு வந்தபோது சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாத அந்த லயன்களில்தான் அடி பலமாக விழுந்தது. பின்னால் தோட்டத்துப் பள்ளிகளும் சுகாதாரமும் அரசின் கைக்கு வர வர இடைவெளி குறைந்தது. மலை அதே மலை, குளிர் அதே குளிர்.

நம் வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1990களில், ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் இறப்புக் காரணம் என்ற கட்டத்தில் ‘சமூகக் காரணம்’ என்று எழுதியிருப்பார்கள். எனக்கு முதலில் புரியவில்லை, கல்லூரியில் அப்படி ஒரு நோயைச் சொல்லிக்கொடுக்கவில்லையே. மூத்த நர்சம்மா ஒருவர் பதில் சொல்லாமல் வெளியே பார்த்தார். பெண் சிசுக்கொலைக்கு அரசுப் பதிவேட்டில் அதுதான் பெயர். சேலம், தருமபுரி, மதுரைப் பக்கம் சில பகுதிகளில் அது இருந்தது, வேண்டாம் என்கிற பிள்ளையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது அதனால்தான். எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது: இயற்கையில் முதல் மாதத்தில் பெண் பிள்ளையைவிட ஆண் பிள்ளைதான் கொஞ்சம் கூடுதலாக இறக்கும். எந்த ஊர்க் கணக்கில் அது தலைகீழாக இருந்ததோ, அந்த ஊரில் கிருமியைத் தேடிப் பயனில்லை. பிறகு ஊர் ஊராகத் தெருநாடகம் போட்டார்கள், நர்சம்மாக்கள் இரண்டாவது, மூன்றாவது பெண் பிறந்த வீடுகளுக்கு விடாமல் போய் உட்கார்ந்தார்கள். அப்போது செத்த பிள்ளைகளுக்கு நோயே கிடையாது. வரதட்சணையைத் தவிர.

இவ்வளவையும் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம், ஏனென்றால் எண்கள் இறங்கியும் இருக்கின்றன. 1971இல் தமிழ்நாட்டின் விகிதம் 113. ஒன்பதில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியாரின் தலைமுறையில் ஒரு பிள்ளையையாவது இழக்காத குடும்பம் தேட வேண்டும், கேட்டுப் பாருங்கள், சொல்வார். அதை 13க்குக் கொண்டுவந்தது ஏதோ ஒரு பெரிய மருந்து இல்லை. ஊருக்கு ஊர் நர்ஸ், மினி பஸ், 1982இல் விரிவான சத்துணவு, மூன்று நர்சுகளோடு இரவிலும் திறந்திருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம், முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித்தொகை என்று ஒன்றின் மேல் ஒன்றாக வந்தவை. சத்துணவு சாப்பிட்டு எட்டாவது வரை படித்த பெண்கள் 90களில் தாயானார்கள், அதுவும் ஒரு காரணம் என்பது என் சொந்த நினைப்பு. ஜான் கால்ட்வெல் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் 1979இலேயே நைஜீரியாவை வைத்து எழுதினார்: ஒரே ஊரில், ஒரே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தாலும் படித்த தாயின் பிள்ளை கூடுதலாகப் பிழைக்கிறது என்று. படித்தவளுக்குக் கிருமி தெரியும் என்பதைவிட, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டில் வாய் திறந்து சொல்ல அவளால் முடிகிறது. ஆனால் இதே உதவித்தொகையில் ஒரு முள்ளும் இருக்கிறது. 19 வயது நிரம்பியவர்களுக்கும் முதல் இரண்டு பிரசவத்துக்கும்தான் அது கிடைக்கும். சின்ன வயதுக் கல்யாணத்தைத் தடுக்க வைத்த நிபந்தனை, நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பதினேழு வயதில் கர்ப்பமாகிவிட்ட பெண்ணுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும்தானே அந்தச் சத்தும் பணமும் எல்லோரையும்விட அதிகம் தேவை?

சரி, இனி செய்ய வேண்டியது. நாத்தனார் அடுத்த பிள்ளைக்கு அவசரப்பட வேண்டாம். பிள்ளை போன வீட்டில் உடனே இன்னொன்று என்று நெருக்குவார்கள், இரண்டு வருடமாவது இடைவெளி விட்டால் அவர் உடம்பு தேறும். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததா, மாதம் நிறைந்தும் எடை குறைவா, பிறவிக் கோளாறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், மூன்றுக்கும் வழி வேறு. சொந்தத்தில் கல்யாணம் என்பதை எழுதியிருந்தீர்கள். பொதுவாக நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் கோளாறு இருக்கும், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை கல்யாணத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். அப்படியும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. சீட்டில் கோளாறு என்று இருந்தால் மட்டும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசனை கேளுங்கள், இல்லையென்றால் அதை வைத்து இன்னொரு பழி உருவாக வேண்டாம். கர்ப்பத்துக்கு முன்னாலேயே ஹீமோகுளோபின் பார்த்து, ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும், டீயோடு வேண்டாம். அடுப்பைக் கேஸுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். செக்கப்புக்கு நாத்தனாரின் மாமியாரையும் கூட்டிப்போங்கள், டாக்டர் சொல்வதை அந்த அம்மா நேரில் கேட்டால் தட்டில் விழும் சோறு மாறும். கடைசி இரண்டு வாரம் மலையில் இருக்காமல் கீழே வந்துவிட வேண்டும். சில மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ காத்திருப்பு அறை உண்டு, நர்சம்மாவிடம் கேளுங்கள்.

ஊருக்காக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, டீச்சர் என்பதால் உங்களால்தான் முடியும். கிராம சுகாதார செவிலியரோடு உட்கார்ந்து கடந்த ஐந்து வருடத்தில் பிறந்தவை எத்தனை, இறந்தவை எத்தனை, எத்தனையாவது நாள், ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, வலி எடுத்து எத்தனை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம். சூளைக்கோ கட்டட வேலைக்கோ குடும்பத்தோடு வெளியூர் போன வீடுகளை விட்டுவிடாதீர்கள், அங்கே பிறந்து அங்கேயே இறந்த பிள்ளை எந்த ஊர்க் கணக்கிலும் வராமல் போய்விடும். அந்த நோட்டை அடுத்த கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். குடிதண்ணீரைச் சோதனைக்கு அனுப்பவும், ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஊர் வரை பாதை போடவும் தீர்மானம் கேளுங்கள். இந்த மூன்று இறப்புக்கும் தணிக்கை நடந்ததா, நடந்திருந்தால் என்ன முடிவு என்று எழுத்தில் கேளுங்கள். முறைப்பார்கள். பரவாயில்லை.

கடைசியாகக் கழுதைப்பால். வேண்டாம். தெருவில் சங்கில் ஊற்றிக் கொடுக்கிற காய்ச்சாத பால் அது, பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு உங்கள் ஊர்த் தண்ணீரைவிட நல்லதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் சீம்பால் போதும், மாமியார் எதிர்பார்க்கிற காவல் அதில்தான் இருக்கிறது. ஒரு சங்குப் பாலுக்கு விற்கிறவன் கேட்கிற காசுக்கு ஒரு வாரத்துக்கு முட்டை வரும், அதை வாங்கி நாத்தனாருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.